மியூட்டில் பார்த்த மேட்ச்

"நீ மட்டும் ஏம்பா கத்தவே மாட்டேங்கிற?"

மகள் இதைக் கேட்டது 2023 நவம்பர் 19-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, காரில் வீடு திரும்பும்போது. தேதியைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேருக்கு வயிற்றில் ஏதோ புரண்டிருக்கும். ஆமாம், அகமதாபாத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவோடு கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனல் ஆடிய அதே நாள்தான். கலிஃபோர்னியாவில் அந்த மேட்ச் தொடங்கியது நள்ளிரவு 12.30-க்கு. ஆடிய பத்து மேட்சையும் ஜெயித்துவிட்டு வந்து நிற்கிற டீம். தூங்கிவிட்டுக் காலையில் ஸ்கோர் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சோஃபாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு பார்த்தேன். நாம் 240-க்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியா 47-க்கு மூன்று விக்கெட்டை இழந்தபோது விடியற்காலை ஐந்தரை இருக்கும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம் அந்த அரை மணி நேரம்தான். அப்புறம் ட்ராவிஸ் ஹெட் செஞ்சுரி அடித்து மேட்சைப் பறித்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு மகளுக்கு சாக்கர் மேட்ச். ஏழே காலுக்கு மைதானத்தில் இருக்கணும். ஷின் கார்டில் ஒன்று மட்டும் காணாமல் போய், அது கராஜில் தம்பியின் ஹெல்மெட்டுக்குள் கிடைத்து, ஒருவழியாகக் கிளம்பினோம். வழியில் சிக்னல் விழும்போதெல்லாம் நான் ஸ்கோரைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். மைதானத்தில் புல்லெல்லாம் நனைந்திருந்தது. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மேக்ஸ்வெல் அந்தக் கடைசி இரண்டு ரன்னை எடுத்தபோது எட்டாக ஐந்து நிமிடம். போனை ஜாக்கெட் பைக்குள் போட்டேன். இங்கே ரெஃபரி விசில் ஊதினார்.

அந்த மேட்சில் என் மகள் ஒரு கோலைத் தடுத்தாள். அவள் டிஃபென்ஸ் ஆடுபவள். கோல்கீப்பர் முன்னால் ஓடிவந்து ஏமாந்துவிட, பந்து காலி கோலை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அதிகம் வேகமில்லை, நனைந்த புல்லில் சாவகாசமாகத்தான் போனது. இவள் எங்கிருந்தோ ஓடிவந்து, கோட்டுக்கு ஒரு அடி முன்னால் காலை நீட்டிப் பந்தை வெளியே தள்ளிவிட்டு, தான் வலைக்குள் போய் விழுந்தாள். என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் துள்ளி எழுந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெயரைத் தப்பாகத்தான் உச்சரித்தார்கள், ஆனால் கத்தினார்கள். நானும் எழுந்தேன். இரண்டு தடவை கைதட்டினேன். உட்கார்ந்துவிட்டேன்.

காரில் அவள் கேட்டதற்கு, "ராத்திரி பூரா தூங்கலைடா, இந்தியா வேற தோத்துருச்சு" என்றேன்.

"இன்னைக்கு மட்டும் இல்லப்பா. எப்பவுமே."

குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கு ஏன் வால் இல்லை என்று கேட்பது போலத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் மறந்தும் போயிருப்பாள். எனக்கு மட்டும் அந்த 'எப்பவுமே' பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபைனலுக்கு முந்தின நாள் ஆஸ்திரேலியக் கேப்டன் பாட் கம்மின்ஸ் சொல்லியிருந்தார்: ஒரு பெரிய கூட்டம் அப்படியே அடங்கிப்போவதைக் கேட்பதில் இருக்கிற திருப்தி வேறெதிலும் இல்லையாம். சொன்னபடி 90,000 பேரின் வாயை மூடிவிட்டுப் போனார். என் வாயை மூட அவர் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

சேப்பாக்கத்தில் போன குரல்

நான் கத்தாத ஆள் இல்லை. 2001 மார்ச் 22, சேப்பாக்கம், ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். கொல்கத்தாவில் லக்ஷ்மணும் திராவிடும் ஒரு நாள் முழுக்க அவுட்டாகாமல் ஆடி, தோற்க இருந்த டெஸ்டைத் திருப்பிப்போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சீரிஸ் 1-1. ஜெயிக்க 155 ரன். எளிதாக முடிந்திருக்க வேண்டியதை நம்ம ஆட்கள் வழக்கம்போல எட்டு விக்கெட்டைக் கொடுத்துவிட்டு இழுத்தடித்தார்கள். மேட்சில் 15 விக்கெட் எடுத்த ஹர்பஜனே கடைசியில் மட்டையோடு நின்று மெக்ராத் பந்தை அடித்து இரண்டு ரன் ஓடியபோது, நான் யாரென்றே தெரியாத ஒரு மாமாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு எனக்குக் குரல் இல்லை. வீட்டில் சாப்பாடு வேண்டுமென்றால் சைகை காட்டினேன். அம்மா அதற்கும் திட்டினாள், எனக்குத் திருப்பித் திட்ட முடியவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் இன்னொரு நாள். அதைப் பற்றித் தமிழில் எழுதாதவர்களே இல்லை, அதனால் நீட்டவில்லை. பாகிஸ்தான் டெஸ்ட், சச்சின் 136, ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது அவுட், 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான்காரர்களுக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டியதைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட நினைவிருப்பது, சக்லைன் பந்தில் சச்சின் தூக்கியடித்ததற்கும் அது அக்ரம் கையில் இறங்கியதற்கும் நடுவில் கேலரியிலிருந்து கிளம்பிய சத்தம். ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது வேறு சத்தம். அதற்குப் பின் வந்த அமைதியைக்கூட காதால்தான் தெரிந்துகொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் கிரிக்கெட் எனக்கு வந்ததே காது வழியாகத்தான். சென்னையில் டெஸ்ட் நடந்தால் எங்கள் வீட்டில் டிவியை மியூட்டில் வைத்துவிட்டு ரேடியோவை அலற விடுவார் அப்பா. வானொலியில் தமிழ் வர்ணனை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல். படம் ஒரு நொடி முந்தும், குரல் ஒரு நொடி பிந்தும், யாருக்கும் கவலையில்லை. மாடி வீட்டுக்காரர், எதிர் வீட்டுப் பையன்கள், அயர்ன் பண்ணுகிற அண்ணன் எல்லோரும் கூடத்தில். எனக்கு ஒரு விதியையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்பதை, எந்தெந்த அப்பீலுக்கு அப்பா நாற்காலியிலிருந்து எழுகிறார், எதற்கு 'ச்சே, வெளிய போகுது' என்று கையை வீசுகிறார் என்பதை வைத்தே புரிந்துகொண்டேன்.

தோனி அடித்த சிக்ஸும் தோளில் கிடந்த குழந்தையும்

நான் இங்கே வந்தது 2004-இல். முதல் சில வருடங்கள் பேச்சிலர் வீடு, நான்கு பேர், கிரிக்கெட் என்றால் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சத்தம். எந்தத் தளத்தில் படம் வரும், எது நடு ஓவரில் செத்துப்போகும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒன்றுமே கிடைக்காத நாளில் கிரிக்இன்ஃபோ இணையதளத்தின் எழுத்து வர்ணனையை ஒருவன் உரக்க வாசிக்க மற்ற மூன்று பேர் அப்பீல் செய்வோம். சிரிக்காதீர்கள், நிஜம்.

நேரக் கணக்கைப் பொறுத்தவரை மேற்குக் கரைக்காரன் அதிகம் புலம்பக் கூடாது. இந்தியாவில் டெஸ்ட் என்றால் குளிர்காலத்தில் இரவு எட்டு மணிக்கு ஆரம்பம். ஆஸ்திரேலியாவில் என்றால் பிற்பகலிலேயே. ஐ.பி.எல். காலை ஏழு மணிக்கு, பல் தேய்த்துக்கொண்டே டாஸ் பார்க்கலாம். இங்கிலாந்து டெஸ்ட்தான் கொலை, அதிகாலை மூன்று மணி. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளுகிற அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கணக்கு முழுக்க மாறும். பன்னிரண்டரையா ஒன்றரையா என்று என் மனைவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். அவளுக்கு கிரிக்கெட் பிடிக்காது. ஆனால் என் தூக்கத்தின் டைம்டேபிள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டுமே.

2011-இல் மகள் பிறந்தாள். ஏப்ரல் 2, மும்பை வான்கடேயில் இலங்கையோடு உலகக் கோப்பை ஃபைனல் அன்று அவளுக்கு ஆறு வாரம். வயிற்று வலியோ என்னவோ, ராத்திரி முழுக்க அழுகை. மேட்ச் இங்கே அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஜெயவர்த்தனே செஞ்சுரியை நான் பார்த்ததே குழந்தையைத் தோளில் போட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டேதான். சேவாக் இரண்டாவது பந்தில் போனபோது டயபர் மாற்றிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி வாக்கில் மனைவி அப்படியே கட்டிலில் சரிந்தாள். போகும்போது சொன்னாள்: "சத்தம் போட்டீங்கன்னா அப்புறம் நீங்கதான் தூங்க வெக்கணும்." பத்து மணிக்குக் குழந்தை என் தோளில் உறங்கிப்போனது. பத்தே கால் தாண்டி, குலசேகரா பந்தை தோனி தூக்கினார்.

இருபத்தெட்டு வருடம் காத்திருந்து வந்த பந்து அது. நான் அப்போது செய்தது, தோளில் கிடந்த பால் துடைக்கிற துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி மடக்கி, மேல் உடம்பு அசையாமல் குதித்தது. கண்ணில் தண்ணீர். துணியில் புளித்த பால் வாடை. குழந்தை ஒரு தடவை முனகிவிட்டு மறுபடி தூங்கியது. ஊரில் பட்டாசு வெடிக்கிற சத்தத்தை அப்பா போனில் கேட்க வைத்தபோதும் நான் 'ம்ம், ம்ம்' என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. 2015-இல் மகன் பிறந்தான், இன்னும் மூன்று வருடம் அதே கதை. ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது குழந்தைக்கு. திரையின் வெளிச்சம் குறைந்தபட்சம். விக்கெட் விழுந்தால் தொடையில் ஒரு குத்து. நாளடைவில் குடும்ப வாட்ஸப் குழுவையும் மேட்ச் நேரத்தில் மியூட் செய்தேன். எனக்கு வரும் படம் அரை நிமிடம் தாமதம், பௌலர் ஓடிவரும்போதே ஊரிலிருந்து தம்பி 'போச்ச்ச்சு' என்று அனுப்பிவிடுவான்.

2021-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் காபா டெஸ்ட். கடைசி நாள் ஆட்டம் இங்கே ஜனவரி 18, திங்கட்கிழமை மாலை. மார்ட்டின் லூதர் கிங் நாள், விடுமுறை. பயிற்சிக்குப் பந்து போடுகிற நெட் பௌலராகப் போன சின்னப்பம்பட்டி நடராஜனும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடிய மேட்ச். புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்றார். ராத்திரி பதினொன்றரைக்குப் பிறகு ரிஷப் பந்த் ஜெயிக்கவைத்த அந்த ஃபோரை அடித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பூனை மாதிரி நடந்து கராஜுக்குப் போய், காருக்குள் ஏறி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டதை உறுதி செய்துகொண்டு, அதற்குள் உட்கார்ந்து கத்தினேன். அப்புறம் பத்திரமாக இறங்கி வந்து பல் தேய்த்துப் படுத்தேன். குழந்தைகளுக்கு அப்போது ஒன்பதும் ஐந்தும். பிறந்த குழந்தைகள் இல்லை. அவர்கள் அறைக் கதவும் சாத்தியிருந்தது. யாரும் என்னை 'கத்தாதே' என்று சொல்லியிருக்கவுமில்லை.

2023 மே மாதம் இன்னும் மோசம். மழையால் தள்ளிப்போன சி.எஸ்.கே.யின் ஐ.பி.எல். ஃபைனல் இங்கே மெமோரியல் டே விடுமுறை மதியத்தில் முடிந்தது. பட்டப்பகல், பூங்கா, சுற்றிலும் கிரில் புகை, நாற்பது பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்ததை ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று போனில் பார்த்தேன். கத்த எல்லா வசதியும் இருந்தது. தொடையில் ஒரு குத்து விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மகள் பத்தடி தள்ளி ஃப்ரிஸ்பீ விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஒட்டாத கிரிக்கெட்

இந்த ஊரில் நம்ம ஆட்கள் கூடினால் கட்டாயம் வருகிற புலம்பல் ஒன்று உண்டு: பசங்களுக்கு கிரிக்கெட் ஒட்டவே மாட்டேங்குது. நானும் புலம்பியிருக்கிறேன். மகளை ஆறு வாரம் கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பினேன், மஞ்சள் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன், அது இப்போது இரவு உடை. அடுத்து எல்லோரும் போய் நிற்கிற இடம், இந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுக்குக் கைதட்டுவார்கள் என்பது. 1990-இல் பிரிட்டனில் நார்மன் டெப்பிட் என்ற அரசியல்வாதி, குடியேறியவர்கள் எந்த டீமை ஆதரிக்கிறார்கள் என்பதையே பரீட்சையாக வைக்கலாம் என்று பேசி வாங்கிக்கட்டிக்கொண்டார். எனக்கென்னவோ அந்தக் கேள்வியில் சுவாரசியமே இல்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் அமெரிக்காவுக்காகப் பந்து போட்டு கோலியையும் ரோஹித்தையும் அவுட்டாக்கிய சௌரப் நேத்ரவால்கர் மும்பையில் பிறந்து, இந்திய அண்டர்-19 டீமில் ஆடி, அப்போது ஆரக்கிள் என்ற மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்கு யார் என்ன பரீட்சை வைப்பது?

மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது வேறு. ஒட்டுவதற்கு நான் என்ன காட்டினேன்? பிள்ளைகள் பார்த்ததெல்லாம் இருட்டில் போர்வைக்குள் நீலமாக ஒளிர்கிற ஒரு முகம். மறுநாள் சிடுசிடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் குறட்டை. அப்பாவுக்கு ஏதோ வியாதி என்றால்கூட நம்பியிருப்பார்கள். மகனைப் பாருங்கள்: வாரியர்ஸ் வெறியன், ஸ்டெஃப் கரி மூன்று பாயின்ட் போட்டால் வீடு அதிரும். எங்கள் வீட்டில் யாரும் கூடைப்பந்து பார்த்ததில்லை. அது பக்கத்து வீட்டு ஹாலில் ஒட்டியது. அங்கே தாத்தா முதல் பேரன் வரை தொண்டை கிழியக் கத்துவார்கள். தமிழும் இப்படித்தானே? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைக் குறை சொல்லவில்லை, அதில் நானே இரண்டு வருடம் நாற்காலி அடுக்கியிருக்கிறேன். ஆனால் எங்களுக்குத் தெரிந்து தமிழ் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள், அப்பா அம்மா தமிழில் சண்டை போடுகிற வீட்டுப் பிள்ளைகள்தான்.

இந்தத் தத்துவத்தை ரொம்பப் பெருமையாக ஊரில் இருக்கும் என் அக்காவுக்குப் போனில் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் அதே வீட்டுல அதே காதுதானடா இருந்துச்சு?" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. கூடத்தில் ரேடியோ அலறும்போது அக்கா உள் அறையில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பிளஸ் டூவுக்குப் படித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் காபி ஆற்றியது அம்மா. இன்று வரை கிரிக்கெட் என்றால் அக்கா சேனலை மாற்றுவாள். "நீங்கள்லாம் கத்துனீங்க. நாங்க தலைவலி மாத்திரை போட்டோம்," என்றாள். ஆக, என் தத்துவத்தில் பெரிய ஓட்டை. ஒரே சத்தம் ஒருத்தனுக்கு ஒட்டும், ஒருத்திக்கு மண்டையை இடிக்கும். என் பிள்ளைகளைத் தூங்கவிட்டதற்காக நான் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். சரிதான். ஆனால் மகள் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றி இல்லையே. அவள் வலைக்குள் விழுந்தபோது நான் ஏன் கத்தவில்லை என்பதைத்தானே கேட்டாள்.

லாலிபாப்

வசந்த கால சீசன் தொடங்கியதும் கத்துவதென்று முடிவு செய்தேன். முடிவு செய்து கத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். என்ன மொழியில் கத்துவது, எந்த நேரத்தில், என்ன வார்த்தை? மற்றவர்கள் 'நைஸ் ட்ரை' என்பதை என் வாயால் சொன்னால் எனக்கே டப்பிங் மாதிரி இருந்தது. ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு நான் மைதானத்துக்குப் போன அந்தச் சனிக்கிழமை, லீக்காரர்கள் அந்த வாரத்தை 'மௌன வாரம்' என்று அறிவித்திருந்தார்கள். பெற்றோர் கத்திக் கத்திப் பிள்ளைகளைக் குழப்புகிறார்களாம். அதனால் வருடத்தில் ஒரு வாரம் கோட்டுக்கு வெளியே யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கைதட்டல் மட்டும். வாயை அடைக்க ஆளுக்கொரு லாலிபாப் வேறு கொடுத்தார்கள். எனக்குப் பச்சை ஆப்பிள். பன்னிரண்டு வருடப் பயிற்சி உள்ளவன் நான். சுற்றி இருந்தவர்கள் லாலிபாப்பைக் கடித்து நொறுக்கித் தவித்தபோது, என்னுடையது பாதி மேட்ச் வரை முழுசாக இருந்தது.

கடைசியில் சத்தம் திட்டமில்லாமல்தான் வந்தது. 2024 ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை ஃபைனல், சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பம். மனைவியும் மகனும் கடைக்குப் போயிருந்தார்கள், மகள் மாடியில். தென்னாப்பிரிக்கா ஜெயிக்க 30 பந்தில் 30 ரன் போதும், க்ளாசன் அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறார். போச்சு என்று எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். ஈரக் கையோடுதான் திரும்பி வந்து பார்த்தேன், க்ளாசன் அவுட், பும்ரா ஓவரில் யான்சன் போல்டு. கடைசி ஓவர், 16 ரன், முதல் பந்து. மில்லர் தூக்கினார். சூர்யகுமார் எல்லைக் கோட்டுப் பக்கம் ஓடி, பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, வெளியே போய், திரும்பி வந்து பிடித்தார்.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. வார்த்தை இல்லை என்று நினைக்கிறேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மகள் முகம் வெளுத்து ஓடி வந்தாள். நான் கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்தாளாம். எனக்குப் பேச வரவில்லை, டிவியைக் காட்டினேன். ரீப்ளே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அவர் கால் அந்தக் கயித்துல படலையா?" என்றாள். உலகமே அன்றைக்கு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், "இதுக்காப்பா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

ஆனால் திறந்த வாய் அதற்கப்புறம் மூடவில்லை. செப்டம்பரில் அவளுடைய முதல் மேட்சில், எதிர் டீம் பெண் பந்தை ஓட்டிக்கொண்டு வர, இவள் பக்கவாட்டில் துரத்த, "விடாத! விடாத! விடாதடீ!" என்று நான் கத்தியது பக்கத்து மைதானத்தில் ஆடிய பையன்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இவளும் திரும்பிப் பார்த்தாள். அந்த அரை நொடியில் பந்து கையைவிட்டுப் போனது.

காரில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அப்பா, ப்ளீஸ், பழைய மாதிரியே இரேன்," என்றாள்.

பேரம் பேசினோம். இப்போதைய ஒப்பந்தம், கிரிக்கெட்டில் அம்பயர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லுகிற, எண்ணித் தருகிற டி.ஆர்.எஸ். வாய்ப்பு மாதிரி: பாதிக்கு ஒரு கத்தல், மிச்சமானதை அடுத்த பாதிக்குக் கொண்டுபோக முடியாது, அவள் பெயரைச் சொல்லக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் பாதிக்கானதை மூன்றாவது நிமிடத்திலேயே, ஒரு சாதாரண த்ரோ-இன்னுக்கு, வீணடித்துவிட்டேன்.